எபிக்டெட்டஸின் மண்விளக்கும் எட்டு வார வகுப்பும்

எட்டு வார இணையவழி வகுப்பு ஒன்றைப் போன மாதம் முடித்தேன். பழைய தத்துவவாதிகளைப் படித்து, அவர்கள் யோசித்ததை வைத்து இன்றைக்குக் குறைவாக வாங்கி, குறைவாக வீணாக்கி, கொஞ்சம் நிதானமாக வாழ்வது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்பு. இந்த மாதிரி வகுப்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன, செயலிகளும் வந்துவிட்டன, சேரலாமா வேண்டாமா என்று என்னிடமே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பெயரைக் குறிப்பிடவில்லை. குறை சொல்ல வேண்டிய இடத்தில் தயங்காமல் சொல்ல அதுதான் வசதி. தவிர, நான் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த வகை வகுப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாவது வாரமும் ஆறாவது வாரமும் கட்டணத்துக்குத் தகும். மற்ற வாரங்கள் ஏற்ற இறக்கம். ஒரு முக்கியமான கேள்வியை வகுப்பு தொடவே இல்லை, அது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது, அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஏற்பாடு இப்படி: வாரத்துக்கு ஒரு தத்துவவாதி. 40 நிமிடக் காணொளி, மூலநூலின் மொழிபெயர்ப்பிலிருந்து பத்துப் பதினைந்து பக்கம், வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி, வாரக் கடைசியில் இருவர் இருவராகப் பிரித்துவிட்டு அரை மணி நேரப் பேச்சு. காணொளிகள் சுமார்தான், பின்னணி இசை பல இடங்களில் பேச்சை அமுக்கிவிடுகிறது. ஆனால் படிக்கக் கொடுத்த பக்கங்களை யாரோ அக்கறையுள்ளவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒற்றை வரி மேற்கோள்களாக வெட்டிப் போடாமல் முழுக் கடிதத்தை, முழு உரையைக் கொடுக்கிறார்கள். ஒரு கடிதத்தை முழுக்கப் படிக்கும்போதுதான் எழுதியவர் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரிகிறது, மேற்கோளில் அது தெரியாது.

எபிகூரஸில் தொடங்குகிறார்கள். சரியான தொடக்கம். கி.மு. 341இல் பிறந்தவர், ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி நண்பர்களோடு வாழ்ந்தவர், அங்கே பெண்களும் அடிமைகளும்கூடச் சேர்ந்து படித்தார்கள். அவர் பெயரை இன்றைக்குச் சுகபோகத்துக்கு அடையாளமாக்கிவிட்டார்கள், ஆனால் அவர் சாப்பிட்டது பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும். நண்பர் ஒருவருக்கு எழுதும்போது, ஒரு சின்னப் பானையில் பாலாடைக்கட்டி அனுப்பிவை, விருந்து சாப்பிடத் தோன்றினால் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார். ஆசைகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: இயற்கையாகவும் அவசியமாகவும் இருப்பது ஒன்று, இயற்கையானது ஆனால் அவசியமில்லாதது இன்னொன்று, இரண்டுமில்லாதது மூன்றாவது. போன மூன்று மாதத்தில் வாங்கியதையெல்லாம் இந்த மூன்று கட்டத்துக்குள் எழுதுங்கள் என்பதுதான் முதல் வாரப் பயிற்சி.

எழுதினேன். முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும் சீக்கிரம் முடிந்துவிட்டன, நடுக்கட்டம் மட்டும் இரண்டு பக்கத்துக்கு ஓடியது. தலையணை எங்கே போகும்? தூக்கம் இயற்கை, அவசியம், ஆனால் வீட்டில் ஏற்கெனவே மூன்று தலையணை இருக்கும்போது நாலாவது? எந்தப் பொருளையும் எழுதி வைத்துக்கொண்டு யோசித்தால் பொருள் கட்டம் மாறுவதில்லை, எண்ணிக்கைதான் அதைக் கட்டம் மாற்றுகிறது என்று புரிந்தது. இதைக் காணொளியில் யாரும் சொல்லவில்லை, எழுதிப் பார்த்தால்தான் வருகிறது. அந்த வகையில் நல்ல பயிற்சி.

இரண்டாம் வாரம் டயோஜெனிஸ். பெரிய மண்ஜாடிக்குள் வாழ்ந்தவர், ஒரு சிறுவன் கையைக் குவித்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துத் தன் குவளையைத் தூக்கி எறிந்தவர். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் பிச்சை எடுத்துச் சாப்பிட்டார், அந்த ஊர் முழுக்க அவரைப் போல இருந்திருந்தால் அந்த ஜாடியைச் செய்யக் குயவர் இருந்திருக்க மாட்டார். மூன்றாம் வாரம் அரிஸ்டாட்டில். செருப்பைக் காலில் போடலாம், விற்கவும் செய்யலாம், இரண்டும் செருப்பின் பயன்தான், ஆனால் விற்பதற்காகச் செருப்பு உண்டானதில்லை என்கிறார். வீடு நடத்தத் தேவையான செல்வத்துக்கு அளவு உண்டு, பணத்தைப் பெருக்குவதற்காகவே பெருக்கும் செல்வத்துக்கு அளவே கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், அந்த வாரத்தில் மீதியை விட்டுவிடலாம்.

நாலாம் வாரம்தான் வகுப்பின் உயிர். முசோனியஸ் ரூஃபஸ் என்ற பெயரையே நான் அதற்கு முன் கேட்டதில்லை. முதல் நூற்றாண்டு ரோமானியர், எபிக்டெட்டஸுக்கு ஆசிரியர், நீரோ மன்னன் இவரை கியாரோஸ் என்ற வறண்ட தீவுக்கு நாடுகடத்தினான். இவர் எழுதியதாக எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, மாணவர் ஒருவர் குறித்துவைத்த 21 உரைகள்தான் முக்கியமாக மிஞ்சியிருப்பவை. மற்ற தத்துவவாதிகள் பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர் சாப்பாடு, துணி, வீடு, பாத்திரம், கட்டில், முடி வெட்டிக்கொள்வது என்று பேசுகிறார். தங்கக் கிண்ணத்தில் குடித்தாலும் மண்கிண்ணத்தில் குடித்தாலும் தாகம் ஒரே மாதிரிதான் தணிகிறது, அப்புறம் எதற்குத் தங்கம் என்று கேட்கிறார். வீட்டுப் பொருள் நல்லதா கெட்டதா என்று பார்க்க அவர் வைக்கும் அளவுகோல் மூன்று: வாங்கிச் சேர்ப்பது, பயன்படுத்துவது, காப்பாற்றி வைத்திருப்பது. மூன்றும் சுலபமாக இருந்தால் நல்ல பொருள்.

பயிற்சி என்னவென்றால், வீட்டில் பத்துப் பொருளை எடுத்து இந்த மூன்று கேள்வியையும் கேட்க வேண்டும். நான் முதலில் எடுத்தது மேசை விளக்கு. ஸ்கேல் மாதிரி மெல்லிசான கை, அதன் அடியில் வரிசையாக எல்ஈடி, பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாம் வருடமே மினுக்க ஆரம்பித்து ஒருநாள் அணைந்தேவிட்டது. திருப்பிப் பார்த்தால் ஒரு திருகாணிகூடக் கிடையாது. அடியில் ஒட்டியிருந்த ரப்பர் வில்லைகளைக் கத்தி முனையால் உரித்தேன், கீழே பசைத் தடம்தான் இருந்தது. விளிம்பில் நெம்பியதும் பிளாஸ்டிக் பல் இரண்டு உடைந்து கழன்றது, உள்ளே ஒரு சின்னச் சுற்றுப்பலகை வெள்ளைக் களிம்புக்குள் முழுசாகப் புதைந்து கிடந்தது. இந்த வகை விளக்குகளில் எல்ஈடி போவதற்கு முன்பே அதற்கு மின்சாரம் கொடுக்கும் அந்தப் பலகை போய்விடுவது சகஜம். ஒரு சின்னப் பாகம் போனதற்கு முழு விளக்கும் குப்பை.

பரணில் அதற்கு முந்தைய விளக்கு இருந்தது. இரும்பு அடிப்பாகம், வளையும் கழுத்து, சாதாரண பல்பு மாட்டும் ஹோல்டர். பிளக் பக்கத்தில் வயர் வெடித்திருந்தது, அவ்வளவுதான் கோளாறு. வயரை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புது பிளக் போட்டு, பழைய குண்டு பல்புக்குப் பதிலாக எல்ஈடி பல்பு மாட்டினேன். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகத்தான் போகும், ஆகவே பழையதை அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் சரியில்லை. பழைய உடம்பில் புது பல்பு, இதை எழுதும்போது அந்த வெளிச்சம்தான் கைமேல் விழுகிறது.

மூன்றாவது கேள்வியில் பல பொருள்கள் விழுந்துவிடுகின்றன என்பது எதிர்பார்த்ததுதான். என்னை யோசிக்க வைத்தது முதல் கேள்வி. முசோனியஸ் காலத்தில் தந்தமும் தங்கமும் தூர தேசத்திலிருந்து வர வேண்டும், கிடைப்பது கஷ்டம் என்பதே ஓர் எச்சரிக்கை. இன்றைக்கு எது கிடைக்கக் கஷ்டம்? விரலால் ஒரு தட்டுத் தட்டினால் மறுநாள் வாசலில் நிற்கிறது. கஷ்டம் போய்விடவில்லை, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, சுரங்கத்துக்கும் தையல் கூடத்துக்கும் பார்சல் தூக்கும் முதுகுக்கும் நகர்ந்துவிட்டது. ஆகவே முதல் கேள்வியை நான் மாற்றிக்கொண்டேன்: இது எனக்குச் சுலபமாகக் கிடைக்க, யாருக்குக் கஷ்டம்? கைபேசிக்கு இதைப் போட்டுப் பார்த்தால் புதுசு வாங்கும் எண்ணம் தானாகத் தணிகிறது. ஒரு கைபேசியின் ஆயுள் முழுக்க வெளியாகும் கரிம மாசில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது, நாம் சார்ஜ் போடுவதெல்லாம் கொஞ்சம்தான். பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதுதான் அதில் செய்யக்கூடிய பெரிய காரியம். மாற்றிவிட்டேன்.

ஐந்தாம் வாரம் எபிக்டெட்டஸ். அடிமையாகப் பிறந்து ஆசிரியரானவர். அவர் வீட்டில் இரும்பு விளக்கு ஒன்று இருந்தது, திருடன் எடுத்துப் போய்விட்டான். சரி, நாளைக்கு மண்விளக்கு ஒன்று வாங்கிக்கொள்வோம், இருப்பதைத்தானே இழக்க முடியும் என்கிறார். அவர் இறந்த பிறகு அந்த மண்விளக்கை ஒருவர் 3,000 திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) கொடுத்து வாங்கினார் என்று லூசியன் என்ற பழைய எழுத்தாளர் எழுதியிருக்கிறார். அந்த வெளிச்சத்தில் இரவில் படித்தால் எபிக்டெட்டஸின் ஞானம் தானாக வந்துவிடும் என்று நம்பினாராம்.

இந்தக் கதையைப் படித்த அதே வாரம் வகுப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘சாவை மறவாதே’ என்று பொறித்த உலோக நாணயம், தோல் அட்டை போட்ட குறிப்பேடு, தத்துவவாதியின் மார்பளவுச் சிலை, மாணவர்களுக்குத் தள்ளுபடி, மூன்று நாள் மட்டும். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. நாலாம் வாரப் பாடத்தை எழுதியவர்கள் இதை அனுப்பியிருக்க மாட்டார்கள், வேறு யாரோ விற்பனைப் பிரிவில் அனுப்பியிருப்பார்கள் என்று தேற்றிக்கொண்டேன், ஆனாலும் அடுத்த மூன்று வாரத்தில் இதே மாதிரி இன்னும் ஐந்து வந்தன. வேண்டாம் என்று எழுதினேன், பதில் வரவில்லை. சேர்வதானால் தொடக்கத்திலேயே அந்த அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள், அமைப்புகள் பக்கத்தில் கடைசியில் இருக்கிறது.

இதே வாரத்தில்தான் வாரக்கடைசிப் பேச்சும் சூடுபிடித்தது. எனக்கு வாய்த்த கூட்டாளி ஒரு செவிலியர். அவர் கேட்டார்: “வீட்டில் நான் ஒரு பிளாஸ்டிக் பையை மிச்சம் பிடிக்கிறேன். வேலைக்குப் போனால் ஒரே ஷிஃப்டில் எத்தனை கையுறை உரித்துப் போடுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. இதற்கு இவர்கள் என்ன சொல்கிறார்கள்?” வகுப்பு சொல்வது எபிக்டெட்டஸின் பிரசித்தி பெற்ற பாகுபாடு: சில நம் கையில் இருக்கின்றன, சில நம் கையில் இல்லை, இல்லாததை விட்டுவிடு. அவருக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. தனியாகப் பார்த்தால் என் கையில் இல்லாத எத்தனையோ விஷயம், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கைக்குள் வந்துவிடும். முசோனியஸே வீட்டுக்குள் உட்கார்ந்து மனதை அடக்கிக்கொண்டிருந்தவர் இல்லை. கி.பி. 69இல் ரோம் நகரை ஒரு படை நெருங்கியபோது, தூது போனவர்களோடு ஒட்டிக்கொண்டு போய், ஆயுதம் ஏந்தியவர்களிடம் சமாதானத்தின் நன்மையை எடுத்துச் சொன்னார், அவர்கள் சிரித்தார்கள், நெட்டித் தள்ளினார்கள், மிதிபட்டே போயிருப்பார். அவர் தோற்றுப்போன அந்தக் கதையை வகுப்பில் சேர்த்திருந்தால் அந்தச் செவிலியர் கேள்விக்கு ஒரு வழியாவது கிடைத்திருக்கும். பிறகு அவர் தன் வார்டில் கையுறை தேவைப்படாத வேலைகள் எவை என்று மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார், கைகழுவினால் போதும் என்கிற வேலைகளே நிறைய இருக்கின்றனவாம்.

ஆறாம் வாரம் செனெக்கா. நண்பருக்கு அவர் எழுதிய 124 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. 18ஆம் கடிதத்தில் ஒரு பயிற்சி சொல்கிறார்: மூன்று நான்கு நாள், சில சமயம் அதற்கும் மேலே, இருப்பதிலேயே மட்டமான சாப்பாடு, முரட்டுத் துணி, கடினமான படுக்கை என்று இருந்து பார், பிறகு உன்னையே கேட்டுக்கொள், இதற்குத்தானா இவ்வளவு நாள் பயந்தேன் என்று. ஊரே பண்டிகை கொண்டாடிக்கொண்டிருக்கும் டிசம்பரில் எழுதிய கடிதம் அது.

நான் மூன்று நாள் இருந்தேன். ஒரே உடுப்பு, எதையும் வரவழைக்கக் கூடாது, கைபேசி பேசுவதற்கு மட்டும். இரண்டாம் நாள் இரவு சட்டையைத் தோய்த்துப் போட்டேன், காற்றில் ஈரம் அதிகம், காலையில் உடம்புப் பகுதி காய்ந்திருந்தது, காலர் மடிப்பிலும் கைத் தையலிலும் ஈரம் அப்படியே இருந்தது. அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, மூன்றாம் நாளும் கவனிக்கவில்லை. அலமாரியில் தொங்கும் அத்தனை சட்டையும் மற்றவர் கவனிப்பார்கள் என்ற எண்ணத்துக்காக வாங்கியவை என்பது அந்த ஈரக் காலரோடு உட்கார்ந்திருந்தபோது நன்றாக உறைத்தது.

செனெக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் பெரும் பணக்காரர். நாலே வருடத்தில் 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சேர்த்துவிட்டார் என்று எதிரி ஒருவன் குற்றம்சாட்டியதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் பதிவு செய்திருக்கிறார். 87ஆம் கடிதத்தில் அவர் எளிமையாகப் பயணம் போன கதை வருகிறது: கோவேறு கழுதை பூட்டிய பட்டிக்காட்டு வண்டி, தரையில் விரித்த மெத்தை, சாப்பாட்டுக்கு உலர்ந்த அத்திப்பழம். எதிரே ஆடம்பரமான கூட்டம் வரும்போது, இந்த வண்டி என்னுடையது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று முகம் சிவந்துபோகிறது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே கடிதத்தில், ஒரு வண்டியில் ஏறும் அளவுக்கு மட்டுமே அடிமைகளைக் கூட்டிப்போனேன் என்பதும் எளிமைக் கணக்கில் வருகிறது. காணொளியில் இதை அரை நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். இங்கேதான் நின்றிருக்க வேண்டும். நம் எளிமைக்கு அடியிலும் யாரோ வண்டி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசி இரண்டு வாரம் ஓட்டமாக ஓடிவிட்டது. சீன ஞானி லாவோட்சுவுக்கு வேறு ஓர் ஆசிரியர், பாவம், அவருக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845 முதல் 1847 வரை ஏரிக்கரைக் குடிசையில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம், ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாள் என்ற கணக்கு. சம்பளத்தை மணிநேரமாக்கி ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பார்க்கலாம்.

இப்போது அந்த உறுத்தல். எட்டு வாரமும் வகுப்பு சொன்னது, குறைத்துக்கொள், உனக்கு நிம்மதி. நிம்மதி கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் குறைத்ததில் மிச்சமானது எங்கே போகிறது? ஒரு மாதம் எதுவும் வாங்காமல் இருந்து சேர்ந்த பணத்தில் விமானத்தில் ஒரு சுற்றுலா போய்வந்தால் பூமிக்கு என்ன லாபம்? 1865இலேயே ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இதை நிலக்கரியில் பார்த்துச் சொல்லிவிட்டார்: நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக ஆக, நிலக்கரிச் செலவு குறையாமல் கூடித்தான் போகும், ஏனென்றால் சிக்கனமானதை எல்லோரும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்த ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுச் சிக்கனத்துக்கும் இதே கதி வரலாம்.

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குப் புறநானூற்றில்தான் கிடைத்தது. 189ஆம் பாட்டு, நக்கீரனார் பாடியது. உலகம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவனுக்கும், இரவும் பகலும் தூங்காமல் விலங்கின் பின்னால் ஓடும் படிக்காத வேட்டைக்காரனுக்கும், ‘உண்பது நாழி உடுப்பவை இரண்டே’. பள்ளியில் படித்தபோது எளிமைக்கான பாட்டு என்று மனப்பாடம் செய்தோம். முசோனியஸ் சொன்னதும் இதுதானே என்று தோன்றும். ஆனால் பாட்டு அங்கே நிற்பதில்லை. ‘செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே’ என்று முடிகிறது. தேவை இவ்வளவுதான், ஆகவே மீதியைக் கொடு. நானே அனுபவிப்பேன் என்று இருந்தால் தவறிப்போவது நிறைய. தன் நிம்மதியோடு முடிந்துவிடாமல் அடுத்தவன் கைக்கு அந்த மீதி போக வேண்டும் என்கிற இந்த ஒரு அடி, எட்டு வாரத்தில் எங்கேயும் இல்லை. எபிகூரஸின் தோட்டம்கூடப் பலர் சேர்ந்து வாழ்ந்த இடம்தான், அதை இவர்கள் தனி மனிதனின் மன அமைதியாகச் சுருக்கிவிட்டார்கள்.

அடுத்தவன் என்பதில் இன்னும் பிறக்காதவர்களும் உண்டு. 1713இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், உலைக்கு மரம் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து, மறுபடி வளரும் அளவுக்கு மேல் வெட்டாதே, வெட்டியதற்கு நடு என்று எழுதினார். நீடித்து நிலைக்கும் பயன்பாடு என்று இன்று நாம் பேசுகிற கணக்குக்கு அது ஒரு பழைய வேர். வகுப்பின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது, அதற்கென்று ஒரு வாரம் கூட ஒதுக்கவில்லை. டயோஜெனிஸை அரை வாரமாக்கிவிட்டு இவரைச் சேர்க்கலாம் என்று கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன். நானே என் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி கூட்டிவிட்டேன், வாங்காமல் விட்டது என்ன, அதில் மிச்சம் யாருக்குப் போனது என்று. முதல் மாதம் அந்தப் பத்தி பாதி காலியாகத்தான் இருந்தது, இந்த மாதம் நாலு வரி எழுதியிருக்கிறேன்.

யார் சேரலாம்? வாராவாரம் பயிற்சியைக் கையால் செய்து பார்க்க நேரம் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். காணொளி மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றால் வேண்டாம், இந்த உரைகளும் கடிதங்களும் பழைய மொழிபெயர்ப்புகளில் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன, முசோனியஸ் மட்டும் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள், நான் வாங்கவில்லை. தெரிந்தவர் ஒருவரோடு சேர்ந்து பதிவு செய்தால் இருவரையும் ஒரே ஜோடியாகப் போட வாய்ப்பு உண்டு, ஆனால் முன்பின் தெரியாதவரோடு பேசியதுதான் எனக்கு அதிகம் கொடுத்தது, அதனால் தனியாகவே சேருங்கள். பாடப் பக்கங்களை வகுப்பு முடிந்து மூன்று மாதம் வரைதான் இறக்கிக்கொள்ள முடியும். நாலாம் வாரத்தையும் ஆறாம் வாரத்தையும் முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.